புதுத் துணி தண்ணீர் குடிக்காது

நண்டு ஆலையில் இரவு வேலை முடிந்து
ஏழு மணிக்கு வீடு வந்தால்
எனக்கென்று ஒரு வாளி காத்திருக்கும்.
மூடியைத் திறக்கும்போது மட்டும் மூச்சை அடக்குவேன்.
நெவென்கா போர்வெனீர் படகில் சீட்டுக் கிழிக்கிறாள்.
அவள் ஜலசந்தியின் அந்தக் கரையைத் தொடும் நேரம்
நான் பீத்துணி அலசுகிறேன்.

முதலில் குளிர்ந்த நீர்.
எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால்
கறை இழையோடு குடித்தனம் தொடங்கிவிடும்.
பிறகுதான் இயந்திரம், அறுபது டிகிரி, சோப்புத்தூள் அரைக் கரண்டி.
துணியை மெத்தென்று ஆக்கும் அந்த நீலத் திரவம் கூடவே கூடாது:
மணக்கும், குழையும், ஒன்றுக்கும் உதவாது,
என் அண்ணன் மாதிரி, என்பாள் நெவென்கா.

அம்மோனியா மூக்கில் ஏறினால்
எங்கோ நுரை தங்கிவிட்டது என்று அர்த்தம்.
சோப்பில்லாமல் இன்னொரு ஓட்டம்.
கண்ணாடிக் கதவுக்குள் குமிழி நிற்கிறதா என்று பார்த்தபடி
தரையில் உட்கார்ந்திருப்பேன்.
நண்டு வாடை துணியிலா, என் கையிலா,
முகர்ந்து முகர்ந்து ஒரு கட்டத்தில்
எதுவும் தெரியாமல் போய்விடும்.

இருபத்திநாலு துணி. ஒன்றும் நாங்கள் வாங்கியதில்லை.
மூன்று தெரு தள்ளி, தகரக் கூரைக்குப் பச்சை அடித்த வீட்டில்
எதுவினா தந்தாள்,
அட்டைப் பெட்டியில், நாலாக மடித்து.
"துவைச்சதா?" என்றேன்,
எப்படிக் கேட்கக் கூடாதோ அப்படி.
"ஆறு தரம்," என்றாள்.
"புதுத் துணி தண்ணி குடிக்காது.
ஆறு தரம் துவைக்கணும், ஆறு தரம் காயணும்.
அப்பதான் வாயைத் திறக்கும்."

பெட்டியைச் சுமந்து பாதி வழி வந்த பிறகே உறைத்தது.
போன வசந்தத்தில், வேலைக்குச் சைக்கிளில் போகையில்,
அந்த வீட்டுக் கொடியில் இந்த இருபத்திநாலும்
வெள்ளை வெளேரென்று ஆடியதைப் பார்த்திருக்கிறேன்.
உள்ளே ஒரு அழுகைச் சத்தம்
கேட்டதாக மட்டும் நினைவில்லை.

நெவென்கா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.
திரும்ப மடித்தாள்.
அன்று முழுக்கக் கடையில் வாங்கிய டயப்பர்தான் கட்டினோம்.
மறுநாள் அது தீர்ந்துபோனது.
யெர்கோ எதற்கும் காத்திருக்கவில்லை:
கடுகு மஞ்சளில், முதுகு வரைக்கும்.

டிசம்பரில் இங்கே இரவு பத்துக்கும் வெளிச்சம்.
காற்றுக்கு மட்டும் விடுமுறை கிடையாது.
ஒரு துணிக்கு நாலு கிளிப்.
அரை மணியில் காயும், இல்லையென்றால் பறக்கும்.
கறையை வெயில் தின்னும் என்பார்கள்,
இந்த ஊர் வெயில் கொறிக்கத்தான் செய்யும்.

செவ்வாய்க்கிழமை எண்ணினேன். இருபத்திமூன்று.
மறுபடி எண்ணினேன்.
யெர்கோவை மாரோடு கட்டிக்கொண்டு
வேலி வேலியாகத் தேடினேன். ஒரு நாய் விரட்டியது.
பச்சைக் கூரை வீட்டுக் கொடியில்
அது தனியாகத் தொங்கியது, நாலு கிளிப்போடு.
பறந்து வந்த துணி
தானே கிளிப் மாட்டிக்கொள்ளாது.

எதுவினா வெளியே வந்தாள், கை ஈரமாக.
"கறை போகலை," என்றேன், மன்னிப்புக் கேட்பது போல.
"கறையை நான் தொடலை. மண் ஒட்டியிருந்தது, அலசினேன்."
நடு மடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தாள்.
"இன்னும் ஈரம். இருந்து எடுத்துட்டுப் போ."

இருந்தேன்.
யெர்கோ தூங்கிவிட்டான்.
அவள் அவனைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள்.
அது உப்பியது, அடங்கியது, உப்பியது.

"எவ்வளவு குடிக்குது?"
"ராத்திரி முழுக்கத் தாங்குது."

கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.
நான் கை நீட்டினேன்.
தராமல், அவளே
நாலாக மடித்தாள்.